கைத்தொழிற் கல்வி வகுத்த ஓட்டோ சலோமோன்

பள்ளிக்கூடங்களிற் கைத்தொழிற் பாடம் கற்பிக்கும் ஆசிரியரிடத்து இக்காலத்தே ஓர் அச்சுத்தாள் இருத்தலைக் காணலாம். செய்யவேண்டிய பொருளின் படம், அதன் நீள அகல கனங்கள், அதற்கு வேண்டும் மரம், வேண்டும் கருவிகள், எதனை முன்செய்து எதனைப் பின்செய்வது என்னும் முறை ஆகிய இவையெல்லாம் அத்தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. ஆசிரியர் வேண்டிய படிகளை அச்சிட்டு, மாணாக்கர்க்கு ஆளுக்கொன்றாய் வழங்கிவிட்டுப் பாடத்தைத் தொடங்குகின்றார். இத்தகைய தாள் எங்கிருந்து வந்தது, இதனை முறைப்பட வகுத்தார் யாவர் என வினவுவார் அரியர். அங்ஙனம் வகுத்தாருள் முன்னிற்பவர் சுவீடன் தேசத்து ஓட்டோ சலோமோன் என்னும் பெரியார் ஆவர்.

அவர் தச்சரல்லர், கொல்லருமல்லர். நம்மவரைப்போற் பட்டறையிற் பிறந்து, கொட்டாப்புளியின் ஓசை கேட்டு வளர்ந்தவருமல்லர். ஆயினும் அவர் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த வினா நம்மனோர் ஒவ்வொருவர் வீட்டு வாயிலிலும் இன்று வந்து நிற்கின்றது. தந்தை கையினின்றும் மைந்தன் கைக்குச் செல்லும் தொழிலறிவைத் தொழிலாளி மகனல்லாத ஒரு பிள்ளைக்கு, வகுப்பறையில், எழுத்தாலும் படத்தாலும் கற்பித்தல் கூடுமோ என்பதே அவ்வினா. ஆதலின் அவர் சரிதத்தை நம் சங்கத்து இதழில் எழுதத் துணிந்தேன்.

சலோமோன் 1849-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், சுவீடனின் மேல்கரைத் துறைமுகமாகிய கோத்தன்பர்க் நகரில் யூத மரபிற் பிறந்தவர். இளமையில் ஸ்டாக்ஹோம் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்தாரெனினும் அங்கு நெடுநாள் தங்கினாரல்லர். அவர்க்குத் தாய்மாமனார் ஆகஸ்ட் ஆபிரகாம்சன் என்பவர். இவர் கோத்தன்பர்க்கில் வாணிகஞ் செய்து பெரும்பொருள் ஈட்டினார்; 1868-ஆம் ஆண்டில், அந்நகரினின்றும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஏரிக்கரையில் அமைந்த நேஸ் என்னும் பண்ணையையும் மாளிகையையும் விலைக்கு வாங்கினார். இசைவல்லாராய் விளங்கிய இவர் மனைவியார் அடுத்த ஆண்டே காலஞ்சென்றனர். பெரிய மாளிகையில் தமியராய் நின்ற அம்மாமனார்க்குத் துணையாய் மருகர் நேஸுக்கு வந்து சேர்ந்தார். பின்னர் அவ்வூரே அவர்க்கு வாழ்வாயிற்று. மாமனுடைய பொருளும் மருகனுடைய மதியும் ஒருங்கு கூடியிராவிடில், நேஸ் என்னும் பெயர் அத்தேசத்து எல்லையைக் கடந்திராது.

அக்காலத்துச் சுவீடனின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். அந்நாட்டில் மாரிக்காலம் நெடிது, பகல் குறுகியது, வயலில் வேலை நிகழாது. ஆதலின் குடியானவர் வீட்டினுள்ளிருந்தே கரண்டி, முக்காலி, ஏர், வண்டி, தறி முதலியவற்றைத் தம் கையாற் செய்துகொள்ளும் வழக்கம் பன்னூறாண்டுகளாய் இருந்தது. அவ்வேலைக்கு அவர்கள் வழங்கிய பெயர் ஸ்லாய்டு என்பது. கைத்திறம் உடைமை என்னும் பொருள்பட்ட பழஞ்சொல்லின் வழிவந்தது. ஆலைகள் தோன்றி மலிந்த விலையிற் பொருள்களைக் குவிக்கத் தொடங்கவே, வீட்டுக் கைவேலை விரைந்து குன்றிற்று. 1860-களின் இறுதியிற் பஞ்சமும் வந்து வருத்திற்று. பல்லாயிரவர் கடல்கடந்து அமெரிக்கா சென்றனர். இவ்வாறு அழிந்துவரும் கைவேலையைப் பள்ளி வாயிலாகக் காத்தல் வேண்டுமென்று அந்நாட்டறிஞர் சிலர் எண்ணினர். ஆலைச்சரக்கு வந்தபின் நம்மூர்ப் பட்டறைகள் எங்ஙனமாயின என்பதை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1872-இல் ஆபிரகாம்சனும் சலோமோனும் நேஸில் ஆண்பிள்ளைகட்கென ஒரு கைத்தொழிற் பள்ளியைத் தொடங்கினர். 1874-இற் பெண்பிள்ளைகட்கும் ஒன்று தொடங்கினர். தொடக்கத்தில் அவர்கள் கருதியது பிழைப்பு ஒன்றே. தொடக்கப்பள்ளிக் கல்வி முடித்த சிறுவர் தச்சு, கடைசல், மரச்செதுக்கு முதலியன கற்று, அதனால் நாலு காசு பெறுதல் வேண்டும் என்பதே நோக்கம். கற்பிக்க அமர்ந்தவரும் கைதேர்ந்த தொழிலாளரே. சில ஆண்டிற் கைத்தொழிலாசிரியரைப் பயிற்றும் பள்ளியொன்றும் அங்கு எழுந்தது. அப்போது சலோமோன் இருபத்தைந்து வயதினர்.

1877-ஆம் ஆண்டு அவர் பின்லாந்துக்குச் சென்று ஊனோ சிக்னேயுஸ் என்னும் முதியவரைக் கண்டார். இம்முதியவர் சரிதமே தனியே எழுதற்குரியது. கிறித்துவ போதகராய் அலாஸ்கா நாட்டிற் சில்லாண்டு பணிபுரிந்து மீண்டு, பெஸ்டலாட்சி, பிரோபெல் என்னும் கல்வியறிஞர் கொள்கைகளிலே தோய்ந்து, பின்லாந்து நாட்டுத் தொடக்கப்பள்ளிகளை ஒழுங்குசெய்தவர் அவர். அந்நாட்டில் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவேலை பள்ளிப்பாடமாயிற்று. கைவேலையின் பயன் விற்கும் பொருளில் இல்லை, செய்யும் பிள்ளையிடத்தே உள்ளது என்னும் கருத்து அவருடையது. எண்ணும் எழுத்தும் அறிவை வளர்ப்பதுபோலக் கத்தியும் உளியும் கண்ணையும் கையையும் கருத்தையும் ஒருங்கே வளர்க்கும். ஆதலின் தச்சனாகப் போகும் பிள்ளைக்கேயன்றி, வழக்கறிஞனாகப் போகும் பிள்ளைக்கும் அஃது உரியதாகும். இக்கருத்தைக் கேட்டு மீண்ட சலோமோன் தம் பள்ளியின் நோக்கத்தையே மாற்றியமைத்தார். பிறர் கருத்தைக் கேட்டுத் தாம் ஐந்தாண்டு செய்ததைத் திருத்திக்கொள்ளும் மனம் கல்வித்துறையில் எளிதிற் காணக்கூடியதன்று.

கருத்து சிக்னேயுஸினுடையது, அதனை வகுப்பறைக்குரிய முறையாக்கியவர் சலோமோன். அவர் செய்தது யாதெனில், மரவேலை முழுவதையும் பிரித்துப்பார்த்தார். தச்சன் கை செய்யும் ஒவ்வோர் அசைவையும் வேறுவேறாகக் கொண்டு பெயரிட்டார். மரத்தின் நார் ஓடும் வழியே நெடுக வெட்டுதல் ஒன்று. குறுக்கே வெட்டுதல் ஒன்று. சாய்த்து வெட்டுதல் ஒன்று. வளைய வெட்டுதல் ஒன்று. வாளால் அறுத்தல், இழைப்புளியால் இழைத்தல், துளைத்தல், கழுந்து கூட்டுதல், புறாவால் வடிவிற் பொருத்துதல் என இவ்வாறு எண்ணிச்சென்று, 88 பயிற்சிகளாக அவற்றை வகுத்தார். பின்னர் எது எளிது, எது அரிது என்று அவற்றை வரிசைப்படுத்தினார். அதன்மேல், அப்பயிற்சிகளைத் தாங்கும் பொருள்களைத் தேடினார். ஒவ்வொரு பொருளும் முன் கற்றவற்றோடு புதியன ஒன்றிரண்டே வேண்டுவதாய் இருத்தல் வேண்டும்; அப்பொருள் வீட்டிற்கு உதவுவதாயும் இருத்தல் வேண்டும்; வெறும் அழகுப்பொருள் ஆகாது; பிறர் துணையின்றிப் பிள்ளையே முற்றச் செய்து முடிக்கத்தக்கதாதல் வேண்டும்.

இவ்வாறு அமைந்த வரிசையில் முதலாவது பொருள், சிறார் பள்ளியில் எழுத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு சிறு கோல். நம்மவர் நகைப்பர். ஒரு குச்சியைச் சீவுதற்கு ஒரு பாடமோ என்பர். ஆயினும் அதன் பொருத்தத்தைப் பாருங்கள். அதற்கு வேண்டும் கருவி கத்தி ஒன்றே. அந்நாட்டு நாட்டுப்புறச் சிறுவன் ஒவ்வொருவனும் கத்தியைப் பிடித்தறிந்தவன். ஆகவே அறிந்ததினின்றும் அறியாததற்குச் செல்லும் வழி அங்கே திறக்கின்றது. நெடுக வெட்டுதலும் குறுக்கே வெட்டுதலும் ஆகிய முதற்பயிற்சிகள் அக்கோலிலே அடங்குகின்றன. கை சிறிது தவறினும் கோல் தவற்றைக் காட்டிவிடும். கெட்டாலோ இழப்பு அரையணா மரந்தான். அதன்பின் மலர்த்தொட்டியிற் செடியைத் தாங்கும் கோல், திறவுகோலிற் கட்டும் சிறு பலகை, பேனாக்கட்டை, சுத்திப்பிடி, கோடரிப்பிடி, கரண்டி என வரிசை ஏறிச்செல்கின்றது. கோடரிப்பிடியின் வளைவை ஒழுங்காக இழைத்து முடித்த கையைக் கண்டவர் முதற்கோலை நினைந்து நகையார்.

இவ்வரிசையைப் பிற ஊர் ஆசிரியர் கையிற் சேர்த்தல் எங்ஙனம்? இங்கேதான் அச்சுத்தாள் வருகின்றது. பொருள்களின் படங்கள் அளவோடு வரையப்பட்டு அச்சிடப்பெற்றன. எப்பொருளுக்கு எப்பயிற்சிகள், எக்கருவிகள் என அட்டவணைகள் எழுந்தன. 1885-ஆம் ஆண்டில் நேஸினின்றும் ஓர் இதழ் வெளிவரத் தொடங்கிற்று. அதன் பெயர்க்கே கைத்தொழிற் கல்வித் தாள் என்பது பொருள். 1891-இல் ஆசிரியர்க்குரிய கைந்நூல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பெற்று வெளிவந்தது. அதனுள் மரங்களின் இயல்பு, கருவிகளைத் தீட்டும் வகை, பயிற்சிகளின் விளக்கம் ஆகியவற்றோடு, வேலை செய்யும்போது உடல் நிற்கவேண்டிய நிலைகளைக் காட்டும் படங்களும் உள்ளன. இழைக்கும்போது கால் எங்கே நிற்பது, முதுகு எங்ஙனம் இருப்பது, வாள் பிடித்த தோள் எவ்வாறு இயங்குவது என்பனவெல்லாம் அப்படங்களால் விளங்கும். கூன்விழுந்த முதுகோடு முதுமையடைந்த நம் பெரியோரை எண்ணும்போது, இப்படங்களை எழுதினவரை வணங்கத் தோன்றுகின்றது. பிள்ளையின் உடல் கெடாமற் கை பழகுதல் வேண்டும் என்பதில் அவர் மிகவும் உறுதியாக இருந்தார்.

இனி, நம்மவர்க்குச் சிறிது கசப்பான செய்தியைச் சொல்லவேண்டும். கைத்தொழிலைப் பள்ளியிற் கற்பிப்பவர் யாவர் என்னும் வினாவுக்குச் சலோமோன் கண்ட விடை, தொழிலாளி அல்லர், ஆசிரியரே என்பது. தொழிலாளி பொருளின்மேற் கண்வைப்பவர். பிள்ளையின்மேற் கண்வைப்பவர் ஆசிரியர். ஆதலின் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் ஓரளவு கைத்திறம் பெறுதல் போதும். கைத்திறம் மிக்க ஒருவர்க்குக் கற்பிக்கும் திறம் வருதல் அரிது என்று அவர் கருதினார். மற்றுமொன்று. மாணாக்கன் செய்யும் பொருளின்மேல் ஆசிரியர் கை படுதல் கூடாது என்பது அவர் விதித்த விதி. வேறொரு மரத்துண்டிற் செய்துகாட்டலாம், சொல்லால் விளக்கலாம், பிள்ளையின் பொருளைத் தாமே திருத்திக் கொடுத்தலாகாது.

இதனை முதன்முறை படித்தபோது என் உள்ளம் சினந்தது. என் தந்தையார் கதவுநிலை செய்வதில் வல்லவர். அவர் அருகில் அமர்ந்து யானும் சில்லாண்டு உளி பிடித்ததுண்டு. யான் ஒரு துளையைக் கோணலாக வெட்டினால், அவர் ஒன்றும் சொல்லார், உளியை என் கையினின்றும் வாங்குவார், இரண்டு தட்டு, துளை நேராகிவிடும். உளியைத் திரும்பத் தருவார். அத்துளை நேராயிற்று; என் கை நேராகவில்லை. பின்னர் யான் தமிழ் கற்று ஆசிரியனானேன். உளி அவரோடு போயிற்று. சலோமோன் விதியைப் படித்து முடித்த அன்று இரவு, என் தந்தையார் உளியை வாங்கும் அந்தக் கை என் கண்முன் நெடுநேரம் நின்றது. அவர் அன்பினால் வாங்கினார் என்பதை யான் அறிவேன். ஆயினும் சலோமோன் சொன்னது பிழை என்று சொல்ல என் நா எழவில்லை.

எனினும் ஒன்று சொல்லுவேன். தொழிலாளியை நீக்கிவிட்டு நேஸ் நின்றதாக எண்ணுதல் தவறு. அங்கே செய்முறைப் பட்டறைக்குப் பொறுப்பேற்று நெடுங்காலம் பணிபுரிந்தவர் ஆல்பிரட் ஜோகான்சன் என்பவர். மேற்கூறிய கைந்நூலின் முகப்பிலே, சலோமோன் பெயர்க்குக் கீழ் உதவியவராக அவர் பெயரும் அச்சிடப்பட்டுள்ளது. கல்வியறிஞர் சலோமோனை அறிவர். ஜோகான்சனை அறிபவர் சிலரே. படத்தில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் பின்னே மரத்தை அறிந்த ஒரு கை இருந்திருத்தல் வேண்டும். அக்கை இல்லாமல் 88 பயிற்சிகளைப் பிரித்தறிதல் எவர்க்கும் இயலாது. சலோமோன் தம் கொள்கையிற் கூறிய அளவுக்குத் தம் செயலில் தொழிலாளியை ஒதுக்கினாரல்லர் என்பது என் துணிபு.

நேஸின் புகழ் விரைந்து பரவிற்று. 1870-களின் இறுதிதொட்டு, ஏறத்தாழ ஆறு வாரம் நிகழும் குறுகிய வகுப்புக்கள் நடைபெறலாயின. பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் வந்து தங்கிக் கற்றனர். கற்பிப்பதற்குக் கட்டணம் இல்லை; உணவு உறையுளுக்கே பணம் கொண்டனர். ஆடவரும் மகளிரும் ஒரே பட்டறையில் நின்று பயின்றனர். அக்காலத்து இது பெரும் புதுமை. இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் முதலிய தேசங்களினின்றும் மாணாக்கர் வந்தனர். காலையிற் கத்தி பிடித்தவர்க்கு மாலையிற் சலோமோன் கல்வித் தத்துவம் பேசினார். சுவீடிஷ் மொழியிலேயன்றி ஜெர்மன், ஆங்கிலம் ஆகியவற்றிலும் விரிவுரை நிகழ்த்தினார். வந்தவர் மீளும்போது பெட்டியில் தாம் செய்த பொருள்களும் படத்தாள்களும் கொண்டுசென்றனர்.

மாறுபட்டாரும் இல்லாமலில்லை. மாஸ்கோ நகரத்துத் தொழிற்பள்ளியில் டெல்லா வோஸ் என்பார் வகுத்த முறையில், மாணாக்கர் பொருத்துகளை மட்டும் தனித்தனியே செய்து பழகுவர். முழுப்பொருள் பின்னரே வரும். டென்மார்க்கில் மிக்கெல்சன் என்பார் வகுப்பு முழுவதையும் ஒருங்கே நடத்தும் முறையை மேற்கொண்டார். சலோமோனோ, ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் நடையிற் செல்லுதல் வேண்டும், ஒவ்வொரு பாடமும் ஒரு முழுப்பொருளில் முடிதல் வேண்டும் என்றார். செய்த பொருத்தைக் குப்பையில் எறியும் பிள்ளைக்கும், செய்த கரண்டியைத் தாயிடம் கொடுக்கும் பிள்ளைக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியத் தொழிலில் இருப்பவர் எவரும் அறிவர். என் மனம் சலோமோன் பக்கமே சாய்கின்றது.

ஆனால் அவர்க்கு உண்மையான இடையூறு அவரைப் போற்றினவராலேயே வந்தது. நேஸின் தாளை அவ்வாறே எடுத்துத் தம் நாட்டிற் பரப்பினர் பலர். சுவீடன் குடியானவர் வீட்டுக்கு உதவும் பொருளை, அது வேண்டாத நகரத்துப் பிள்ளையும் செய்துகொண்டிருந்தான். சலோமோன் இதனை விரும்பினாரல்லர். பயிற்சிகளின் வரிசையே முறையின் உயிர். பொருள்கள் அந்தந்த நாட்டின் வழக்கத்திற்கேற்ப மாறுதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவரிடம் பயின்று 1888-இல் பாஸ்டன் நகர் சென்ற குஸ்தாவ் லார்சன் என்பார் அங்ஙனமே அமெரிக்க வாழ்க்கைக்கேற்பப் பொருள்களை மாற்றியமைத்தார். ஏனையோர்க்குத் தாள் எளிதாய் வாய்த்தது; தாளுக்குப் பின்னிருந்த எண்ணம் வாய்க்கவில்லை. அச்சிட்ட தாளை அப்படியே வழங்கும் ஆசிரியர் எம்மிடையே இன்றும் உளர்; யானும் பலகால் அது செய்திருக்கின்றேன்.

நம் தேசத்தில் 1937-ஆம் ஆண்டு காந்தியடிகள் வார்தாவிற் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியை முன்வைத்தபோது, பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாயாற் பள்ளிச்செலவின் ஒரு பகுதி ஈடாதல் வேண்டும் என்று கருதினார். சலோமோன் 1872-இற் பிழைப்பு நோக்கிற் தொடங்கி 1877-இல் அதனை விட்டவர். இருவரும் கைவேலையைக் கல்வியின் உயிர்நிலை எனக் கொண்டாரேனும், விற்பனை என்னுமிடத்தில் வழி பிரிந்தது. எவ்வழி நன்று என்று தீர்த்துரைத்தல் எனக்கு எளிதன்று. ஏழைநாட்டின் ஆசிரியர் விற்பனையை முற்றும் வெறுத்தல் இயலாது என்பதை மட்டும் குறிப்பேன்.

1898-ஆம் ஆண்டு ஆபிரகாம்சன் காலமானார். அவர் விருப்பப்படி நேஸ் பண்ணையும் அதனைப் பேணும் நிதியும் கல்விப்பணிக்கென்றே அரசினிடம் சேர்ந்தன. மருகர் அதன் தலைவராயிருந்து, 1907-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள், தம் 58-ஆம் பிறந்தநாள் கழிந்து இரண்டாம் நாளில் உயிர்நீத்தார். அதன்பின்னும் நேஸில் வகுப்புக்கள் பல்லாண்டு நிகழ்ந்தன. சுவீடன் பள்ளிகளில் ஸ்லாய்டு இன்றும் கட்டாயப் பாடமாய் உள்ளது. ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் மரத்திலும் உலோகத்திலும் துணியிலும் வேலை கற்கின்றனர்.

சலோமோன் நூலைப் படித்தபின் யான் ஒரு முயற்சியில் இறங்கியுள்ளேன். எம்மூரில் அரிவாள்மணைப் பலகை செய்யும் முதியவர் ஒருவர் உளர். உறவில் எனக்குச் சிற்றப்பா ஆவர். அவர் பேரர் எவரும் அத்தொழிலிற் புகவில்லை. ஞாயிறுதோறும் அவர் திண்ணையில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல, என் மாணாக்கர்க்கென ஒரு தாள் எழுதி வருகின்றேன். பலகையின் அளவு எழுதியாயிற்று. மரம் தேரும் வகை எழுதியாயிற்று. அலகைப் பதிக்கும் துளைக்கு வந்திருக்கின்றோம். அவர் ஒரு சொல் சொல்லுகின்றார். அதற்குள் அவர் கை மூன்று செயல் செய்துவிடுகின்றது. நிறுத்துங்கள் சிற்றப்பா, இப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கின்றேன். அவர் கையை ஒருமுறை பார்க்கின்றார்; பின் என்னைப் பார்த்து, அதற்குப் பெயர் இல்லையே என்கின்றார். மூன்று ஞாயிறாக அத்துளையிலேயே நிற்கின்றோம்.